சூகான் நாற்காலி: ஆடும் கூடு, அறுந்த வைக்கோல் இருக்கை. எதை முதலில் தொடுவது?

நாலுகால்:
அயர்லாந்தின் மேற்குப் பக்கத்துக் குடும்பப் பட்டறை ஒன்றில் செய்த பழைய சூகான் நாற்காலி. கூடு, அதாவது காலும் சட்டமும் குறுக்குக் கம்பும் சேர்ந்த மரச் சட்டகம், ஆஷ் மரம். முதுகில் மூன்று குறுக்குப் பட்டை. இருக்கை முழுக்க வைக்கோல் பிரி, அதாவது வைக்கோலை முறுக்கித் திரித்த கயிறு. முன் சட்டத்தின் மேல் ஏழெட்டு இடத்தில் பிரி அறுந்திருக்கிறது. பக்கவாட்டுக் குறுக்குக் கம்பு இரண்டு கையில் பிடித்தால் சுழல்கிறது. முன் அகலம் 45 செ.மீ., பின் அகலம் 38, ஆழம் 38. கால்களில் பச்சைப் பெயின்ட், அதன் அடியில் வேறு நிறங்களும் தெரிகின்றன.

மூன்று கேள்வி. கூட்டை இறுக்கிவிட்டு இருக்கையா, இருக்கை போட்டால் கூடு தானே இறுகுமா? எந்த வைக்கோல், எத்தனை மீட்டர் பிரி? பெயின்டைச் சுரண்டலாமா?

உளிமுனை:
கூடுதான் முதலில். பிரியை இழுத்துச் சுற்றும்போது எதிரெதிர்ச் சட்டங்கள் உள்நோக்கி வளையும். அந்த இழுவையில் நாற்காலி இறுகிவிட்டதுபோல் தெரியும். ஆனால் அந்த இழுவை இருக்கை மட்டத்தில்தான். கீழ்க்கம்புகளை அது தொடவே தொடாது. கம்பு ஆடிக்கொண்டிருக்க மேலே புது இருக்கை போட்டால், உட்காருகிறவர் பின்னால் சாயும் ஒவ்வொரு தடவையும் துளை கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகும். அப்புறம் அதே இருக்கையை அறுத்துத்தான் கூட்டைப் பிரிக்கணும்.

இந்த நாற்காலியின் யோசனையே அதுதான். கூடு தலைமுறை தாண்டும், இருக்கை தேய்கிற பண்டம். ஓட்ஸ் அறுவடை வருஷா வருஷம் வருகிற ஊரில் இருக்கை மாற்றச் செலவு கிடையாது, பொழுது மட்டும்தான். அதனால்தான் பிரியை எங்கேயும் ஒட்டுவதில்லை, சட்டத்தில் சுற்றுவதோடு சரி.

கம்பைக் கழற்றும் முறை: காலில் துணி சுற்றி, கொட்டாப்புளியால் மூட்டுக்கு மிக அருகில் தட்டுங்கள். நடுக்காலில் தட்டினால் கால் பிளக்கும். வராவிட்டால் பலவந்தம் வேண்டாம். பழைய பட்டறை மூட்டுகளில் கழுந்து (கம்பின் முனையில் துளைக்குள் போகும் பகுதி) காலைத் துளைத்து மறுபக்கம் வந்து, முனையில் ஆப்பு வைத்திருப்பார்கள். பெயின்டுக்கு அடியில் அந்த ஆப்புக் கோடு மங்கலாகத் தெரியும். ஆப்பு இருந்தால் அதை முதலில் மெல்லிய உளியால் பொடித்து எடுத்துவிட்டுத்தான் தட்டணும்.

வைரக்கட்டை:
இதற்கு எதற்கு இவ்வளவு? கம்பைக் கழற்றி நன்றாகக் காயவைத்துத் திருப்பி அடித்தால் போதுமே. பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். கம்பைக் காயவைப்பார்கள், கால் பச்சையாக இருக்கும். கால் காயும்போது சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும். பசையே வேண்டாம்.

உளிமுனை:
புது நாற்காலிக்குச் சரி. இங்கே கால் பல வருஷம் காய்ந்து முடிந்த மரம். அது இனிமேல் சுருங்காது. உங்கள் வழியில் பாதிதான் இங்கே வேலை செய்யும். காய்ந்த கழுந்து அறை ஈரத்தைக் குடித்து உப்பும், அவ்வளவே.

எவ்வளவு உப்பும் என்று கணக்குப் போடலாம். ஆஷ் மரம் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் சுமார் 8%, நடுவிலிருந்து பட்டை நோக்கிய ஆரத்திசையில் சுமார் 5% சுருங்கும். ஈரம் ஏறத்தாழ 30%-க்குக் கீழே இறங்கும்போதுதான் இந்தச் சுருக்கம் நடக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு 1% ஈர மாற்றத்துக்கும் வளைய ஓட்டத்தில் 0.27%, ஆரத்தில் 0.17%. கழுந்து 19 மி.மீ. என்று வைத்து, 5%-க்குக் காயவைத்து அறையில் 12%-க்கு ஏறவிட்டால் ஒரு பக்கம் 0.35 மி.மீ., மறுபக்கம் 0.22 மி.மீ. உப்பும். துளையில் கால் மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அது அடைக்கும். நாலுகால் சொல்வதுபோலக் கம்பு கையில் சுழல்கிறது என்றால் இடைவெளி அதைவிட அதிகம். வெர்னியர் வைத்துக் கழுந்தையும் துளையையும் அளந்துவிட்டு எழுதுங்கள்.

மரச்சில்லு:
ஒரு சின்ன சேர்க்கை. கழுந்தைத் திருப்பிச் செருகும்போது அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது முக்கியம். காலின் நீளவாட்டில் மரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. குறுக்குவாட்டில் மட்டும்தான் அசையும். அதனால் கழுந்தின் குறைவாக அசையும் திசை, அதாவது ஆரத்திசை, காலின் நீளத்தோடு நிற்கணும். முனையில் வளையக் கோடுகளைப் பார்த்தாலே தெரியும்: கோடுகள் தரைக்கு இணையாகக் கிடந்தால் சரி, செங்குத்தாக நின்றால் கம்பை 90 பாகை திருப்புங்கள். பழைய கம்பில் இதை மாற்ற முடியாமல் போகலாம், ஏனென்றால் மறுமுனைக் கழுந்தும் அதே கம்பில்தான் இருக்கிறது, தேய்மானமும் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். புதுக் கம்பு சீவினால் கட்டாயம் பாருங்கள்.

நாலுகால்:
அளந்தேன். துளை 19.4, கழுந்து ஒன்று 18.7, இன்னொன்று 18.5. துளையின் வாய் கொஞ்சம் நீள்வட்டம். மரத்தூள் மெல்லிசாக உதிர்கிறது.

உளிமுனை:
0.7-உம் 0.9-உம் காயவைப்பதால் தீராது. இரண்டு வழி.

ஒன்று, கழுந்தின் மேல் சீவல் சுற்றுவது. இழைப்புளியில் ஆஷ் மரத்தையே 0.3 மி.மீ. கனத்துக்குச் சீவி, கழுந்தைச் சுற்றி வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோல், எலும்பு காய்ச்சிய பசை) ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துவது. ஒரு சுற்றுச் சீவல் விட்டத்தில் 0.6 கூட்டும்.

இரண்டு, கழுந்து முனையில் ரம்பத்தால் 15 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, துளைக்குள் இருக்கும்போதே விரியும்படி ஆப்பு வைத்து அடிப்பது. துளை மறுபக்கம் வரை போனால் ஆப்பை வெளியிலிருந்தே அடிக்கலாம், சுலபம். ஆப்பு காலின் நார் ஓட்டத்துக்குக் குறுக்காக நிற்கணும். நார் ஓட்டத்தோடு வைத்தால் ஆப்பே காலைப் பிளந்துவிடும். மூடிய துளையில் உள்ளே ஆப்பு வைத்து அடிப்பது ஆபத்து. ஆப்பு அரை மில்லி கூடினாலும் கழுந்து பாதியில் மாட்டிக்கொள்ளும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இந்த நாற்காலிக்குச் சீவலே போதும்.

பசை என்றால் சூடு பண்ணிப் பூசும் வஜ்ஜிரம். வெந்நீரும் ஆவியும் காட்டினால் மறுபடி பிரியும். நுரைத்துப் பொங்குகிற பாலியூரித்தேன் பசையை ஊசியால் துளைக்குள் ஏற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அது இடைவெளியை நிரப்பும், ஆனால் நுரைக்குப் பலம் கிடையாது. அடுத்து பழுது பார்ப்பவர் அந்த மூட்டை அறுத்துத்தான் எடுக்கணும்.

உதிர்கிற தூளையும் கவனியுங்கள். ஊசிமுனை அளவு உருண்டைத் துவாரங்களும் வெளிர் நிறத் தூளும் இருந்தால் மரவண்டு. தூள் புதிதாகக் கொட்டினால்தான் பூச்சி உயிரோடு இருக்கிறது. கறுப்புத் தாளை அடியில் விரித்து ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பாருங்கள், வண்டு வெளியே வரும் காலம் அது.

கோரைப்புல்:
பழைய நாற்காலிகள் இன்றைய வீடுகளில் திடீரென்று ஆடத் தொடங்குவதற்கு மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. திறந்த அடுப்பும் மண்தரையும் இருந்த வீட்டில் காற்றின் ஈரம் 80% பக்கம், மரத்தின் ஈரம் 16%. ரேடியேட்டர் வைத்த அறையில் குளிர்காலத்தில் காற்று 40%-க்கு இறங்கும், மரம் 8%-க்குக் கீழே. அந்த ஒரே மாற்றத்தில் மூட்டு தளரும். வைக்கோலுக்கும் இதே சங்கதிதான், காய்ந்து மொறுமொறுவென்று ஒடியும். ரேடியேட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

இப்போது இருக்கைக்கு வருவோம். ஓட்ஸ் வைக்கோல். கோதுமைத் தாளைவிட மிருது, வளையும். சிலர் ரை என்ற தானியத்தின் வைக்கோலைச் சொல்வார்கள். அது நீளம், பலம், ஆனால் கை வலிக்கும். பேல் கட்டிய வைக்கோல் வேண்டவே வேண்டாம். அறுவடை இயந்திரத்துக்குள் போய் வந்த தாள் நசுங்கி, நீளவாட்டில் கீறல் விட்டிருக்கும். முறுக்கினால் அந்தக் கீறலிலேயே முறியும். கையாலோ கட்டுக்கட்டாக அறுக்கும் பழைய இயந்திரத்தாலோ அறுத்தது வேண்டும். அயர்லாந்தில் இன்னும் வைக்கோல் கூரை வேய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கிடைக்கும். உயரமான பழைய ரகம், யூரியா போடாமல் வளர்ந்தது, முழுக்கப் பழுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அறுத்தது. உரம் அதிகம் குடித்த பயிரின் தாள் பருமனாக இருக்கும், சுவர் மெல்லிசு.

கதிரை வெட்டிவிடுங்கள். ஒரு மணி தங்கினாலும் எலி அந்த இருக்கையைத் தேடி வரும். தோகையைச் சீப்பால் வாரி எடுக்கணும்.

நாலுகால்:
நம் ஊர் நெல் வைக்கோலில் இதைச் செய்ய முடியாதா? கட்டுக் கட்டுவதற்குப் பிரி திரிக்கிறார்களே.

கோரைப்புல்:
திரிக்கலாம். ஆனால் நெல் தாளில் மணல்சத்து அதிகம், சொரசொரப்பு, முறுக்கில் சீக்கிரம் ஒடியும். ஜப்பானில் நெல் வைக்கோலைத் தண்ணீர் தெளித்துக் கட்டைச் சுத்தியலால் அடித்து மசித்த பிறகுதான் கயிறு திரிக்கிறார்கள். அந்த அடிதான் ரகசியம். கட்டுக் கட்டும் பிரி ஒரு நாள் தாங்கினால் போதும், இருக்கைப் பிரி பல வருஷம் தாங்கணும். அது வேறு வேலை.

அளவு. பிரி 10 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையை 40-க்கு 40 சதுரமாக நினைத்தால் ஒவ்வொரு சட்டத்திலும் 40 சுற்று. நாலு மூலையையும் ஒரு தடவை சுற்றி வந்தால் ஒவ்வொரு சட்டத்திலும் 2 சுற்று விழும், ஆக 20 வலம். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போக 40 செ.மீ., இரண்டு சட்டங்களையும் சுற்றி மடிய 10, மேலும் கீழும் மூலைக்கோட்டுக்குப் போய்வர சராசரி 20. ஒரு மூலைக்கு 70, ஒரு வலத்துக்கு 2.8 மீட்டர், 20 வலத்துக்கு 56 மீட்டர். உங்கள் அளவுக்கும் 50-லிருந்து 60-க்குள் வரும். சுத்தம் செய்த வைக்கோல் 2 கிலோ வாங்குங்கள். பிரிக்குப் போனது போக மீதி திணிப்புக்கு.

மரச்சில்லு:
திரிப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாள் ஊட்டுவார். மற்றவர் முனை வளைந்த முறுக்குக் கொக்கியில் பிரியின் தலையை மாட்டி, கொக்கியைச் சுழற்றிக்கொண்டே பின்னால் நடப்பார். குடும்பப் பட்டறையில் சுழற்றும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. ஊட்டும் கைக்குத்தான் அனுபவம் தேவை, கனம் அங்கேதான் தீர்மானமாகிறது. வேண்டாத விருந்தாளியைக் கொக்கியைச் சுழற்றச் சொல்லி, அவன் பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்திய கதை அயர்லாந்தில் எல்லோருக்கும் தெரியும். வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் கட்டிய கதை.

முந்தின இரவே வைக்கோலில் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கணும். காலையில் தாளை விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையணும், பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது. ஊறவைத்துவிட்டால் திரிக்கும்போது சுகமாக இருக்கும், காய்ந்ததும் பிரி சுருங்கி இருக்கை தொளதொளக்கும், உள்ளே கரும்பூசணம் பிடிக்கும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஊட்டும்போது ஒரே நேரத்தில் எல்லாத் தாளும் முடியக்கூடாது. மூன்று நான்கு தாளாக, ஒன்று அடிமுனை முன்னால், ஒன்று நுனி முன்னால் என்று மாற்றி மாற்றி, பிரி மெலிவதற்கு முன்பே செருகணும். மெலிந்த பிறகு செருகினால் அங்கே ஒரு கழுத்து விழும். அறுவது அந்தக் கழுத்தில்தான். முறுக்குப் போதுமா என்று பார்க்க ஒரு முழம் பிரியைத் தளர்த்திப் பிடியுங்கள். லேசாகத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் பார்த்தால் சரி. உடனே முடிச்சாகச் சுருண்டால் அதிகம். பேசாமல் தொங்கினால் குறைவு.

வைரக்கட்டை:
இவ்வளவு பாடுபட்டு வைக்கோல் போட்டு அது திரும்ப அறுகிறதுக்கு, கடற்புல் கயிறு வாங்கிச் சுற்றினால் என்ன? 6 மி.மீ. கயிறு கடையிலேயே கிடைக்குது. இன்றைக்கு விற்கிற புது சூகான் நாற்காலியில் பெரும்பாலும் அதுதான்.

கோரைப்புல்:
உட்கார நல்லதுதான், வைக்கோலைவிட உழைக்கும். ஆனால் சூகான் என்ற ஐரிஷ் சொல்லுக்கே வைக்கோல் பிரி என்றுதான் பொருள். நாற்காலிக்குப் பெயர் இருக்கையிலிருந்து வந்தது. 1598-இல் ஆங்கில அரசை எதிர்த்து டெஸ்மண்ட் பிரபு என்று பட்டம் சூடிக்கொண்டவரை எதிரிகள் ‘சூகான் பிரபு’ என்று கேலி செய்தார்கள், இழுத்தால் அறுகிற பிரபு என்ற பொருளில். அந்த ஊரில் யாரும் பிரி நிரந்தரம் என்று நினைத்ததே இல்லை.

செய்முறையிலும் வித்தியாசம் இருக்கிறது. 6 மி.மீ. கயிறு என்றால் ஒரு சட்டத்துக்கு 66 சுற்று, மொத்தம் 90 மீட்டருக்கு மேல். கடற்புல் வைக்கோலைவிடக் கடினம், இழுவை கூடும். பழைய சட்டம் 25 மி.மீ.க்குக் கீழே இருந்தால் உள்நோக்கி வில்லாக வளையும். தேங்காய் நார்க் கயிறு கேட்பீர்கள் என்பதால் முன்னாலேயே சொல்கிறேன்: அது இழுபடும், துணியைத் தேய்க்கும்.

உளிமுனை:
இருவர் சொல்வதும் சரி. பழைய நாற்காலிக்கு வைக்கோல், புதிதாகச் செய்வதற்கு எது வேண்டுமானாலும். பழைய கூட்டில் நைலான் சுற்றியிருந்ததை அவிழ்த்தால் சட்டத்தில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். வைக்கோல் இருக்கையில் தேய்வது வைக்கோல்தான். மற்றதில் சட்டம்.

நாலுகால், உங்கள் பிரி முன் சட்டத்தில் மட்டும் அறுந்திருக்கிறது என்றால் அந்தச் சட்டத்தின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் காரணம் அதுதான். தொடை அழுத்தம் முழுக்க அந்த விளிம்பில் விழுகிறது. 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிச் சீவுங்கள். பழைய மரத்தில் இதைச் செய்ய மனம் வராவிட்டால் பருத்தித் துணிப்பட்டை ஒன்றைச் சட்டத்தில் சுற்றிவிட்டு அதன் மேல் பிரி போடலாம்.

நாலுகால்:
விளிம்பு கூர்மைதான், நகம் மாட்டுகிறது. துணிப்பட்டை போடுகிறேன். முன் அகலம் 7 செ.மீ. அதிகமாக இருக்கிறதே, சுற்று எப்படிச் சமமாகும்?

கோரைப்புல்:
முன் மூலைகளை முதலில் நிரப்பணும். இரு பக்கமும் 3.5 செ.மீ. மிச்சம், ஆக 10 மி.மீ. பிரியில் மூன்று அல்லது நான்கு குட்டைச் சுற்று. இடப்பக்கச் சட்டத்தின் உட்புறத்தில் பிரியின் முனையைச் சிறு ஆணியால் பிடித்து, முன் சட்டத்தின் மேல் போட்டு அடியால் எடுத்து, இடச் சட்டத்தைச் சுற்றி, நேராக வலப்பக்கம் கொண்டுபோய் அங்கே அதே மாதிரி செய்து, வலச் சட்டத்தின் உட்புறத்தில் ஆணி. பின் சட்டத்துக்குப் போகாது. பின் அகலத்துக்கு முன் சமமானதும் நாலு மூலைச் சுற்றைத் தொடங்குங்கள்.

நாலைந்து வலத்துக்கு ஒரு தடவை மரக்கட்டை வைத்துத் தட்டிச் சுற்றுகளை நெருக்குங்கள். மூலையில் இரு பக்கச் சுற்றுகளும் 90 பாகையில் சந்திக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் அரை செ.மீ. சாய்ந்தால் நடுவில் வரும்போது சரிசெய்யவே முடியாது. பாதி தூரம் வந்ததும் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே உள்ள பையில் உதிரி வைக்கோலைத் தட்டைக் குச்சியால் திணிக்கத் தொடங்குங்கள். கடைசியில் திணிக்கலாம் என்று விட்டால் குச்சி உள்ளே போகாது. திணிப்பு இல்லாத இருக்கையில் மேல் பிரி சட்டத்தில் மடங்கி அந்த மடிப்பிலேயே அறும்.

மரச்சில்லு:
பெயின்ட் கேள்வியை யாரும் தொடவில்லை. சுரண்டாதீர்கள். அயர்லாந்துக் கிராமத்து வீடுகளில் மரச்சாமான்களுக்கு மேலுக்கு மேல் பெயின்ட் அடிக்கும் வழக்கம் உண்டு. அந்த அடுக்குகள்தான் நாற்காலியின் வயதைச் சொல்லும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிப் பெயின்ட் எடுக்கும் கடைகளுக்கு அனுப்பவே கூடாது: மூட்டுப் பசை கரையும், மரத்தின் மேல்நார் பஞ்சாக எழும்பும், உள்ளே தங்கிய சோடா வெள்ளைப் பூவாக வெளிவரும். உரிகிற இடத்தில் மட்டும் ஓரத்தை ஒட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உலர்ந்த உப்புத்தாள் போடாதீர்கள்.

வைரக்கட்டை:
புதுக் கம்பு தேவைப்பட்டால் ஆஷ் கிடைக்குமா? அங்கே மரமெல்லாம் நோயில் போகுது என்கிறார்களே.

உளிமுனை:
ஆஷ் கருகல் நோய் அயர்லாந்தில் முதலில் உறுதியானது 2012 அக்டோபரில், லீட்ரிம் கவுண்டியில், இறக்குமதி செய்த கன்றுகளில். இப்போது நாடு முழுக்க இருக்கிறது. எல்ம் மரம் அதற்கு முன்பே டச்சு எல்ம் நோயில் போய்விட்டது. ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டுக்கு மட்டை செய்வோரும் அதே ஆஷ் மரத்துக்குத்தான் போட்டி.

நோய் பட்ட மரம் எல்லாமே வீண் இல்லை. அந்தப் பூஞ்சை இலையிலும் கொப்பிலும்தான் முதலில் வேலை செய்கிறது. சீக்கிரம் வெட்டிய மரத்தின் அடித்துண்டு நன்றாகவே இருக்கும். நின்றபடியே காய்ந்து, அடியில் வேறு பூஞ்சை ஏறியதுதான் ஆபத்து. சோதனை சுலபம்: விரல் கனத்துக்கு ஒரு சில்லைப் பிளந்து வளைத்து ஒடியுங்கள். நீள நீளமாக நார் கிழிந்து தொங்கினால் நல்ல மரம். கேரட் ஒடிவதுபோல் டக்கென்று ஒடிந்தால் அடுப்புக்கு.

வளையமும் பாருங்கள். ஆஷ் மெதுவாக வளர்ந்தால் பலம் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு வருஷமும் வசந்தத்தில் பெரிய துளைகள் உள்ள ஒரு வரிசை கட்டாயம் விழும். வளையம் குறுகினால் குறைவது கோடைக்காலக் கெட்டி மரம்தான், மிஞ்சுவது துளை. வளையம் 2-லிருந்து 4 மி.மீ. இருந்தால் கம்புக்கு ஏற்றது. ரம்பத்தால் அறுத்த பலகையைவிடப் பிளந்து எடுத்த துண்டு மேல், ஏனென்றால் பிளவு நாரைத் தொடர்ந்து போகும். கம்பு 24 மி.மீ. என்றால் பச்சையில் 27 வைத்துச் சீவுங்கள், காய்ந்த பிறகு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

நாலுகால்:
கூடு முடிந்தது, சீவல் வைத்தே இறுகிவிட்டது. பிரி 7 மீட்டர் திரித்துச் சுருட்டி வைத்தேன். சுற்றப் போனால் முறுக்கு அவிழ்ந்து வைக்கோல் பிதுங்குகிறது. முறுக்கும் திசை தப்பா?

மரச்சில்லு:
திசையால் வந்த கோளாறு இல்லை. சுருளின் நடுவிலிருந்தோ ஓரத்திலிருந்தோ உருவி இழுத்திருப்பீர்கள். அப்படி இழுத்தால் சுருளின் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு கூடும் அல்லது குறையும். உங்களுக்குக் குறைந்திருக்கிறது. சுருளைத் தரையில் உருட்டித்தான் பிரிக்கணும், கயிற்றுக்கட்டிலுக்குக் கயிறு பிரிப்பதுபோல. சூகான் ஒற்றைப் பிரி, அதைத் தாங்கிப் பிடிக்க எதிர்முறுக்குள்ள இன்னொரு இழை கிடையாது. அதனால் கையை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முனையைத் துணி மாட்டும் கிளிப்பால் சட்டத்தோடு கவ்விவிடுங்கள். இணைப்பு வந்தால் இருக்கையின் அடிப்பக்கம் வரும்படி பார்த்து, பழைய முனையில் ஒரு சாண் அவிழ்த்துப் புதுத் தாளை ஊட்டி, அங்கேயே கையால் முறுக்கிக்கொள்ளுங்கள். இப்போது பிதுங்கிய 7 மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், திணிப்புக்கு ஆகும்.